அரியலூர்ச் சிப்பிகளும் இலண்டன் பதக்கமும்

நோபெல் பரிசைப் பற்றி அறியாதார் இலர். ஆயினும் ஆல்பிரட் நோபெல் 1895-ஆம் ஆண்டு எழுதி வைத்த உயிலில் இயற்பியல், வேதியியல், மருத்துவம், இலக்கியம், சமாதானம் எனும் ஐந்தே இடம்பெற்றன என்பதை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. பாலம் கட்டுவோனுக்கும் கால்வாய் வெட்டுவோனுக்கும், மண்ணையும் பாறையையும் ஆராய்வோனுக்கும் அதில் இடமில்லை. இக்குறையை ஈடுசெய்யும் வகையில் பின்னாளில் பல விருதுகள் தோன்றின. சுவீடன் நாட்டின் கிராபோர்டு பரிசு 1982 முதல் நிலவியலையும் தன் துறைகளுள் ஒன்றாகக் கொண்டு வழங்கப்பட்டு வருகிறது. இங்கிலாந்தின் எலிசபெத் அரசியார் பொறியியல் பரிசு 2013-இல் தொடங்கிற்று. ஆனால் இவை அனைத்துக்கும் மூத்ததும், நோபெல் பரிசுக்கே ஏறத்தாழ 70 ஆண்டுகள் மூத்ததுமான பதக்கம் ஒன்றுண்டு. இலண்டன் நிலவியல் கழகம் வழங்கும் உல்லாஸ்டன் பதக்கமே அது. அதன் வரலாற்றோடு நம் பெரம்பலூர், அரியலூர் மண்ணுக்கும் தொடர்பு உண்டு என்றால் வாசக அன்பர்கள் வியப்படையக்கூடும்.

வில்லியம் ஹைடு உல்லாஸ்டன் நிலவியலார் அல்லர், வேதியியலார். பல்லேடியம், ரோடியம் என்னும் இரு உலோகங்களைக் கண்டறிந்தவர். பிளாட்டினத்தை அடித்து நீட்டத்தக்க உலோகமாக்கும் வழியைக் கண்டு, அதனாலேயே பெரும் செல்வம் ஈட்டினார். 1828-ஆம் ஆண்டு டிசம்பரில் மரணமடையும் தறுவாயில், நிலவியல் கழகத்துக்கு ஆயிரம் பவுன் அளித்து, அதன் வருவாயைக் கொண்டு பூமியின் அமைப்பை ஆராய்வோரைப் பெருமைப்படுத்துமாறு ஏற்பாடு செய்தார். தொடக்கத்தில் பொன்னாலும், பின்னர் அவர் கண்டறிந்த பல்லேடியத்தாலும் அப்பதக்கம் வார்க்கப்பட்டது. நாடு பாராது வழங்கப்பட்டதால் அது விரைவில் உலகப் பதக்கமாயிற்று. 1859-இல் சார்லஸ் டார்வின் பெற்றதும் இதுவே.

முதன்முதலாக 1831-இல் அது யாருக்குக் கிடைத்தது என்பது சிந்திக்கத்தக்கது. வில்லியம் ஸ்மித் என்பவர் ஒரு கிராமத்துக் கொல்லரின் மகன். பல்கலைக்கழகப் படிப்பு இல்லாதவர். நிலமளப்பவராகவும் கால்வாய்ப் பொறியாளராகவும் பிழைத்தவர். சாமர்செட் வட்டாரத்தில் நிலக்கரி கொண்டுசெல்லும் கால்வாய்க்காக மண்ணை வெட்டிய காலத்தில், அடுக்கடுக்காகக் கிடந்த பாறைகள் ஒவ்வொன்றிலும் கல்லாகிச் சமைந்த சிப்பிகளும் சங்குகளும் வெவ்வேறு வகையினவாக இருப்பதைக் கண்டார். ஓரடுக்கில் உள்ள சிப்பி மற்றோரடுக்கில் இல்லை. எனவே சிப்பியைக் கொண்டே அடுக்கை அடையாளம் காணலாம். நூறு மைலுக்கு அப்பாலும் காணலாம். மண்வெட்டியின் அருகில் நின்று கண்ட இவ்வுண்மையை வைத்து 1815-ஆம் ஆண்டு இங்கிலாந்து, வேல்ஸ் முழுமைக்குமான நிலவியல் வரைபடத்தைத் தனியொருவராக வரைந்து வெளியிட்டார்.

அதனால் அவருக்குக் கிடைத்தது என்ன? கடன். நிலவியல் கழகத்தின் கனவான்கள் அவரைத் தம்முள் ஒருவராகச் சேர்த்துக்கொள்ளவில்லை. அக்கழகத்தின் முதல் தலைவராயிருந்த கிரீனோ என்பவரே 1820-இல் போட்டி வரைபடம் ஒன்றை வெளியிட்டார். 1819-இல் ஸ்மித் கடனாளிகள் சிறையில் அடைபட்டார். வெளிவந்தபின் ஊர் ஊராகச் சென்று நிலமளந்து வாழ்ந்தார். அதே கழகந்தான் 12 ஆண்டுகளுக்குப் பின் அவரை அழைத்து, ஆங்கில நிலவியலின் தந்தை என்று போற்றித் தன் முதல் பதக்கத்தை அறிவித்தது. மறு ஆண்டு அரசாங்க உபகாரச் சம்பளமும் கிடைத்தது. பதக்கத்தை ஒரு பிராயச்சித்தமாகத் தொடங்கிய கழகம் உலகில் வேறு உண்டோ என நமக்குத் தோன்றுகிறது.

இவ்விடத்தில் சற்று விலகி மற்றொருவரையும் நினைவுகூர வேண்டும். ஸ்மித்துக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே, அடியில் கிடக்கும் அடுக்கே முதலில் படிந்தது, மேலே உள்ளது பின்னர் படிந்தது என்னும் அடிப்படை விதியை 1669-இல் வகுத்தவர் டென்மார்க் நாட்டு நிக்கோலாஸ் ஸ்டெனோ. சுறாமீன் தலையொன்றை அறுத்துப் பார்த்த அந்த உடற்கூற்று வல்லுநர், மலைகளில் அகப்பட்ட ‘நாக்குக் கற்கள்’ பண்டைச் சுறாக்களின் பற்களே எனத் துணிந்தார். 1667-இல் கத்தோலிக்க மறையைத் தழுவி, 1675-இல் குருவாகவும் 1677-இல் ஆயராகவும் திருநிலைப்படுத்தப்பட்டு, வட செருமனியில் வறுமையில் உழைத்து 1686-இல் மறைந்தார். 1988-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளராக உயர்த்தினார். பாறையின் வயதைப் பேசுவது விசுவாசத்துக்கு இடையூறாகுமோ என அஞ்சுவோர் நம்மிடையே இன்றும் சிலர் உளர். பாறைகளின் வரிசையைப் படிக்கக் கற்றுத் தந்தவரே ஓர் ஆயராக வாழ்ந்தார் என்பதை அவர்கள் அறிவது நலம்.

இந்திய மண்ணுக்கு உல்லாஸ்டன் பதக்கம் விரைவிலேயே வந்து சேர்ந்தது. 1837-இல் ஹியூ பால்கனர் என்னும் மருத்துவரும் புரோபி காட்லி என்னும் பொறியாளரும் இணைந்து அதனைப் பெற்றனர். இமயத்தின் அடிவாரமான சிவாலிக் குன்றுகளில் பண்டை யானைகள் முதலியவற்றின் எலும்புகளை அவர்கள் திரட்டியிருந்தனர். இந்தக் காட்லியே பின்னாளில் கங்கைக் கால்வாயை வெட்டுவித்தவர். நிலத்தைக் கிளறும் பொறியியலும் நிலத்தைப் படிக்கும் அறிவியலும் அக்காலத்தில் ஒரே கூடாரத்தில் உறங்கின.

இனி நம் ஊருக்கு வருவோம். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடைப்பட்ட கரிசல் காடுகளிலும் ஓடைக் கரைகளிலும் நடந்தோர் காலில் கல்லாகிய சிப்பி இடறாமல் இருந்திராது. ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகள் முதல் ஆறரைக் கோடி ஆண்டுகள் முன்புவரை கடல் பலமுறை இங்கே ஏறியும் இறங்கியும் நின்றது. நிலவியலார் கிரிட்டேசியஸ் காலம் என வழங்கும் நெடுங்காலத்தின் பிற்பகுதி அது. காரையின் செம்மண்ணும் களிமண்ணும் அரிப்புண்ட பள்ளங்களில் சுருண்ட அம்மோனைட்டுகள் கிடந்தன. கல்லங்குறிச்சியின் சுண்ணாம்புப் பாறையோ சிப்பிகளாலேயே ஆனது. 18-ஆம் நூற்றாண்டில் ஏலாக்குறிச்சியில் தங்கித் தமிழுக்குத் தொண்டாற்றிய வீரமாமுனிவரும் இவ்வட்டாரத்தில்தான் நடமாடினார். ஆனால் இச்சிப்பிகள் உலகின் கவனத்துக்கு வர மேலும் நூறாண்டு செல்லவேண்டியிருந்தது.

1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னை மாகாண அரசுப் பணியில் இருந்த கே, கன்லிப் என்னும் இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளி வட்டாரங்களில் இவற்றைச் சேகரித்து இலண்டன் நிலவியல் கழகத்துக்கு அனுப்பினர். எட்வர்டு போர்ப்ஸ் என்னும் இளம் அறிஞர் அவற்றை ஆராய்ந்து 1846-இல் விரிவான அறிக்கை வெளியிட்டார். ஐரோப்பாவின் கிரிட்டேசியஸ் பாறைகளோடு இவை ஒத்த காலத்தவை என அதனால் தெளிவாயிற்று. போர்ப்ஸ் இந்தியாவைக் கண்ணால் கண்டவர் அல்லர். 1854-இல், 39-ஆம் வயதிலேயே காலமானார்.

1851-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறை தாமஸ் ஓல்டாம் என்னும் ஐரிஷ்காரர் தலைமையில் கல்கத்தாவில் அமைந்தது. 1855-இல் அதில் இரு சகோதரர்கள் ஒருங்கே வந்து சேர்ந்தனர்: அண்ணன் வில்லியம் தாமஸ் பிளான்போர்டு, தம்பி ஹென்றி பிரான்சிஸ் பிளான்போர்டு. நம் பகுதியைப் பொறுத்தவரை தம்பியே முக்கியமானவர். 1857 முதல் 1860 வரை சென்னை மாகாண ஆய்வுப் பணியில் இருந்த அவர், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களின் பாறைகளை ஊர் ஊராகச் சென்று வரைபடமாக்கினார். ஸ்மித் வகுத்த அதே முறையை, சிப்பியைக் கொண்டு அடுக்கை அறியும் முறையை, இங்கே கையாண்டு, இப்பாறைகளை மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அடியில் இருப்பது ஊட்டத்தூர்த் தொகுதி. நடுவில் திருச்சிராப்பள்ளித் தொகுதி. மேலே அரியலூர்த் தொகுதி. 1862-இல் அவர் எழுதிய அறிக்கை வெளிவந்தது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அப்பிரிவினை அடிப்படையில் நிலைத்து நிற்கிறது.

அவர் திரட்டியவை கல்கத்தாவில் குவிந்தன. அவற்றை இனம் பிரித்து, ஒவ்வொன்றையும் வருணித்து, படம் வரைவித்து, பெயரிடும் பணி மலைபோல் நின்றது. பிளான்போர்டு தாமே அதனைத் தொடங்கினார். ஆனால் 1862-இல் துறையை விட்டு விலகிக் கல்லூரிப் பேராசிரியரானார். (வானிலையில் அவர் கொண்ட ஈடுபாடு பெரிது. 1875-இல் அமைந்த இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவர் அவரே.) அவ்வேளையில் பொகீமிய அரசுக்கு அருகிலிருந்த மொராவியா நாட்டில் 1838-இல் பிறந்த பெர்டினாண்டு ஸ்டோலிச்கா என்னும் இளைஞர் ஓல்டாமின் அழைப்பை ஏற்று வந்தார். வியன்னாவில் எடுவார்டு சூயஸ் என்னும் பேரறிஞரிடம் பயின்றவர்.

வாசகர்கள் இந்தப் பெயரைச் சற்று மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். தென்னிந்தியாவின் கிரிட்டேசியஸ் உயிரினங்கள் என்னும் நான்கு பெருந்தொகுதிகள், ஓல்டாம் தொடங்கிய ‘பேலியோந்தோலாஜியா இண்டிகா’ என்னும் வரிசையில் 1873-க்குள் வெளிவந்து முடிந்தன. முதல் தொகுதியின் தொடக்கப் பகுதி பிளான்போர்டுடையது. ஏனையவெல்லாம் ஸ்டோலிச்காவின் கைவண்ணம். அம்மோனைட்டுகள், சங்கினங்கள், இருவோட்டுச் சிப்பிகள், கடல் முள்ளெலிகள், பவளங்கள் என ஒன்றையும் விடவில்லை. இமயத்தில் ஆய்வுப் பயணங்கள், பறவைகள், நத்தைகள், பல்லிகள் பற்றிய கட்டுரைகள், வங்க ஆசியக் கழகப் பணி ஆகியவற்றுக்கிடையே, ஏறத்தாழப் பத்தாண்டுகளில் இதனை முடித்தார். ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர்த் தொகுதிகள் ஐரோப்பாவின் எந்தெந்த அடுக்குகளுக்கு இணையானவை என்பதையும் அவர் வரையறுத்தார். இன்று உலகின் எந்தப் பகுதியிலேனும் அக்காலத்துச் சிப்பியொன்றை ஆராய்பவர், அரியலூர்ச் சிப்பியோடு ஒப்பிட அந்நூலைப் புரட்டியாக வேண்டும்.

நான்காம் தொகுதி முடிந்த அதே 1873-இல், போர்சைத் தூதுக்குழுவோடு யார்க்கந்து நோக்கிப் புறப்பட்டார். காரகோரம் கணவாயைக் கடந்து திரும்பும் வழியில், 1874-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாள், லடாக்கின் முர்கோ என்னுமிடத்தில், உயர்மலைக் காற்றின் கடுமைக்கு இரையாகி உயிர் நீத்தார். அப்போது அவருக்கு 36 வயது. அவர் உடல் லே நகரில் அடக்கம் செய்யப்பட்டது.

அடுத்த ஆண்டே, 1875-இல், இலண்டன் இராயல் சொசைட்டி தன் இராயல் பதக்கத்தை ஓல்டாமுக்கு வழங்கிற்று. இந்திய நிலவியல் ஆய்வை நடத்திய பெரும்பணியோடு, அவர் மேற்பார்வையில் வெளிவந்த பேலியோந்தோலாஜியா இண்டிகாவும் அதற்கான காரணங்களுள் வெளிப்படையாகக் கூறப்பட்டது. 1883-இல் உல்லாஸ்டன் பதக்கம் வில்லியம் பிளான்போர்டுக்கு வழங்கப்பட்டது. அண்ணனாரின் தகுதியில் ஐயமில்லை. இந்தியாவின் பல பகுதிகளிலும் அபிசீனியாவிலும் பாரசீகத்திலும் அவர் ஆற்றிய பணி பெரிது. ஆனால் நம் ஊர்ப் பாறைகளைப் பிரித்துப் பெயரிட்ட தம்பிக்கு அப்பதக்கம் கிட்டவில்லை. 1896-இல் அது வியன்னாவின் சூயசுக்குச் சென்றது. தென்னகக் கண்டங்கள் ஒருகாலத்தில் இணைந்திருந்தன எனக் கருதி, நம் நாட்டுக் கோண்டு மக்களின் பெயரால் கோண்ட்வானா நிலம் என்று அவற்றை அழைத்தவர் அவர். ஆக, ஸ்டோலிச்காவைக் கற்பித்தவர் பதக்கம் பெற்றார். பணித்தவர் பதக்கம் பெற்றார். உடன் உழைத்தவரின் தமையனார் பதக்கம் பெற்றார். நான்கு தொகுதிகளையும் எழுதி முடித்தவருக்கு லே நகரில் ஒரு கல்லறை.

இதனை அநீதி என்று உடனே சொல்லிவிட நாம் துணியவில்லை. ஓல்டாம் இல்லையேல் ஸ்டோலிச்கா இந்தியாவுக்கு வந்திரார். பதக்கம் வழங்கும் கழகங்கள் உயிரோடிருப்போரையே நோக்குகின்றன. 36 வயதில் இறந்தவனுக்காகக் காத்திருக்க அவற்றால் இயலாது. ஸ்மித்துக்கு 62 வயதுவரை உயிர் இருந்ததால்தான் கழகத்துக்குத் தன் தவற்றைத் திருத்திக்கொள்ள வாய்ப்புக் கிடைத்தது. எனினும் பதக்கப் பட்டியலை மட்டும் படிப்பவர் அறிவியல் வரலாற்றைப் படித்தவராகார் என்பது நம் கருத்து. பிளான்போர்டின் கூடாரத்தைச் சுமந்தவர் யார்? எந்த ஓடையில் எந்தச் சிப்பி கிடைக்கும் என வழிகாட்டிய ஊரார் யார்? கல் மூட்டைகளை வண்டியில் ஏற்றியவர் யார்? நூல்களின் முகப்பில் அவர்கள் பெயர் இல்லை. படித்த இந்தியருக்கே அத்துறையில் உயர்பதவிக் கதவு 1880-இல், பிரமதநாத் போஸ் என்னும் வங்காளி வழியாகத்தான் சிறிது திறந்தது. அவரும் 1903-இல், தம்மினும் இளையவரான ஆங்கிலேயர் ஒருவர் தலைமைப் பதவிக்கு உயர்த்தப்பட்டதைப் பொறாது விலகினார். இலண்டன் நிலவியல் கழகத்தின் மற்றொரு பெரும் விருதான லயல் பதக்கத்தை இமய ஆய்வாளர் வாடியா 1943-இல் பெற்றபோதுதான் இந்தியரின் உழைப்பு அவ்வரங்கில் ஒளி பெற்றது.

ஆனால் பதக்கத்துக்கும் மேலான ஒரு மரியாதையை நம் ஊர்கள் ஓசையின்றிப் பெற்றிருக்கின்றன. அறிவியல் மரபில் ஒரு பாறைத் தொகுதிக்கு அது நன்கு வெளிப்பட்டுத் தோன்றும் ஊரின் பெயரையே இடுவர். அவ்வாறே அரியலூர்த் தொகுதியின் உட்பிரிவுகளுக்குச் சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஓட்டக்கோவில், கல்லமேடு என்னும் பெயர்கள் வழங்குகின்றன. காரையும் கொளக்காநத்தமும் அவ்வாறே பெயர் பெற்றன. ஜப்பானிலோ பிரான்சிலோ அச்சிடப்படும் ஆய்விதழில், பேருந்து நாளொன்றுக்குச் சில முறையே வந்து போகும் நம் சிற்றூர்களின் பெயர்கள் ஒலிப்பு மாறியேனும் நிற்கின்றன. அவ்வூர் மக்களுள் இதனை அறிந்தவர் எத்தனை பேர்?

இந்திய அறிஞர்களின் காலம் வந்தபோது இம்மண் மீண்டும் பேசிற்று. தஞ்சைத் தரணியில் பிறந்தவரும் பின்னாளில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் முதல் இந்தியத் தலைவருமான டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன், 1940-இல் சாத்தனூரில் கல்லாகிக் கிடந்த மரமொன்றை ஆராய்ந்து வெளிப்படுத்தினார். 18 மீட்டருக்கு மேல் நீண்ட அக்கல்மரம் கடற்படிவுகளுக்கிடையே புதைந்து கல்லானது. இன்று அது தேசிய நிலவியல் சின்னமாகக் காக்கப்படுகிறது. 1980-களின் இறுதியில் யாதகிரி, அய்யாசாமி என்னும் இருவர் கல்லமேட்டிலிருந்து மிகப் பெரிய விலங்கொன்றின் எலும்புகளை அறிவித்தனர். காலெலும்பு மட்டுமே இரண்டு மீட்டர் நீளம். முதலில் ஊனுண்ணி எனக் கருதப்பட்டது. பின்னர், நெடுங்கழுத்துடைய தழையுண்ணி என்றும், உலகில் வாழ்ந்த நிலவிலங்குகளுள் மிகப் பெரியவற்றுள் ஒன்றாயிருக்கலாம் என்றும் கருத்து எழுந்தது. ஆனால் அவ்வெலும்புகள் பொடிந்து அழிந்துவிட்டன. எஞ்சியவை வரைபடங்களும் சில நிழற்படங்களுமே.

விருதும் ஒருநாள் இவ்வூருக்கு வந்தது. அரியலூரில் பிறந்து, 1984-இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்த ந. வளர்மதி, ரிசாட்-1 என்னும் செயற்கைக்கோளின் திட்ட இயக்குநராக விளங்கினார். 1858 கிலோ எடையுள்ள அக்கோள் 2012-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. ஒளிப்படக் கருவி இரவிலும் மேகத்திலும் குருடாகிவிடும். ரிசாட்-1 தானே ரேடார் அலைகளை அனுப்பி, அவை மண்ணில் பட்டு மீள்வதைக் கொண்டு நிலத்தைப் படமெடுத்தது. 2015-இல் டாக்டர் அப்துல் கலாம் மறைந்ததையடுத்துத் தமிழக அரசு அவர் பெயரால் ஏற்படுத்திய விருதின் முதல் பதக்கம், அவ்வாண்டு சுதந்திர தின விழாவில் வளர்மதிக்கு அளிக்கப்பட்டது. எட்டுக் கிராம் பொன்னும் ஐந்து இலட்சம் ரூபாயும் கொண்ட அவ்விருது உலக விருதன்று, மாநில விருதே. ஆயினும் பிளான்போர்டு நடந்து அளந்த மண்ணின் மகள் ஒருவர், விண்ணிலிருந்து மண்ணை அளந்ததற்காக அதைப் பெற்றார். உழைத்தவர் உயிரோடிருக்கையிலேயே, பெயர் சொல்லி, தம் மக்கள் முன்னிலையில் பெற்றார்.

இதற்கிடையே சிப்பிகளின் நிலை என்ன? கல்லக்குடியில் 1939-இல் தொடங்கிய சிமெண்டுத் தொழில் பின்னர் அரியலூரைச் சுற்றிலும் பெருகிற்று. அத்தொழிலால் பல்லாயிரம் குடும்பங்கள் வாழ்கின்றன. நம் மக்களுள் பலருக்கும் அதுவே சோறு. அதனைக் குறைகூறுவது எளிதன்று. ஆனால் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் நொறுக்கப்படுவது ஸ்டோலிச்கா வருணித்த அதே சிப்பிப் பாறையே. சுரங்கம் வெட்டுவதால்தான் புதிய அடுக்குகள் கண்ணுக்குப் புலனாகின்றன என்பதும் உண்மை. ஆய்வாளர் பலர் அச்சுவர்களைப் பார்த்தே எழுதுகின்றனர். வெட்டியது ஆலைக்குப் போகுமுன் பார்ப்பவர் இருந்தால் அறிவியல். இல்லையேல் வெறும் தூள்.

வாரணவாசியில் தொல்லுயிர்ப் படிவ அருங்காட்சியகம் ஒன்று இப்போது உள்ளது. சாத்தனூர்க் கல்மரப் பூங்காவும் உள்ளது. பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் இரண்டையும் ஒரே நாளில் காட்டிவிடலாம். ஆனால் ஸ்டோலிச்கா பெயரிட்ட மூலப் படிவங்களைக் காண விரும்பும் அரியலூர் மாணவர் இன்றும் கொல்கத்தாவுக்கு இரயிலேற வேண்டும். போர்ப்ஸ் பெயரிட்டவற்றைக் காண இலண்டனுக்கு.